முதியோரிடம் காசநோயைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் சளிப் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கூடத்தின் ஜன்னலில் சளி டப்பாவை நீட்டியவர்களில் பலர் நோயாளிகள் அல்லர்; அப்பாவுக்காகவும் பாட்டிக்காகவும் வந்து நின்ற பிள்ளைகளும் மருமகள்களும் பேரன்களுமே. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை ஏறக்குறைய அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பிந்தைய விடைகள் முந்தையவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. சிகிச்சை பற்றிய முடிவு மருத்துவருடையது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல மறக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டிபி என்றால் ரத்தமாகக் கக்குவார்கள், சாயங்காலம் காய்ச்சல் வரும் என்பார்கள். அம்மாவுக்கு இதில் ஒன்றுமே இல்லை. பிறகு ஏன் சளி டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்?

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இளவயதினரிடமும் நடுவயதினரிடமும் தெளிவாகத் தெரிபவை. காய்ச்சலும் இரவு வியர்வையும் கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் வெளிப்பாடுகள். வயது ஏற ஏற அந்த எதிர்ப்பாற்றல் தளர்ந்துவிடுவதால், நுரையீரலில் நோய் பரவிக்கொண்டிருக்கும்போதும் உடல் அதை உரக்கச் சொல்வதில்லை. எழுபது வயதில் காசநோய் பல சமயம் பசியின்மை, மெலிவு, அசதி, மூச்சுவாங்கல் என்ற உருவிலேயே வருகிறது. சிலரிடம் திடீர்க் குழப்பமாகவோ, நேற்று வரை தானே எழுந்து நடந்தவர் இன்று கட்டிலைவிட்டு எழ மறுப்பதாகவோ வெளிப்படுகிறது.

இவை எல்லாவற்றையும் 'வயசாகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதுதான் நான் கண்ட தாமதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். முதுமை மட்டுமே ஒருவரை மூன்று மாதத்தில் நான்கைந்து கிலோ இளைக்க வைப்பதில்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறது, மோதிரம் நூல் சுற்றினால்தான் விரலில் நிற்கிறது, ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று என்று மருமகள்கள் சொல்வதை எடை இயந்திரத்தின் சாட்சியாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டு வாசலைத் தாண்டாதவர் அவர். இந்த வயதில் எங்கிருந்து ஒட்டியது?

பெரும்பாலும் இப்போது ஒட்டியதாக இருக்காது. இளமையில் யாரோ ஒருவரிடமிருந்து மூச்சுவழி நுழைந்த கிருமியை அப்போது உடல் சிறைவைத்திருக்கும். கிருமி சாகாமல், பெருகவும் முடியாமல் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். இப்படித் தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறுகிறது. முதுமையில் காவல் தளரும்போது, அதோடு சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புகைப்பழக்கம், சத்துக்குறைவு, மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றில் ஒன்று சேரும்போது, அந்த மாற்றம் எளிதாகிறது. வீட்டில் உள்ள வேறு ஒருவரிடமிருந்து புதிதாகத் தொற்றுவதும் உண்டு. ஆகவே வீட்டில் வேறு யாருக்கு இருமல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்பா பீடி குடிப்பவர், இருபது வருடமாகவே இருமுகிறார். எத்தனை நாள் இருமினால் டெஸ்ட் செய்ய வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டுதல். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு நாள் கணக்குப் பயன்படாது. இருமலின் போக்கு மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காலையில் மட்டும் இருமியவர் இரவெல்லாம் இருமுகிறாரா, சளியின் நிறமும் அளவும் மாறியிருக்கின்றனவா, வழக்கமாக இழுக்கும் இன்ஹேலர் இப்போது பலன் தரவில்லையா, வேட்டி இடுப்பில் நிற்கவில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடைக்கு ஒரு கணக்கு உண்டு: மூன்று மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே இறங்கியிருந்தால், காரணம் தேடியே ஆக வேண்டும்.

டப்பா கொடுத்தார்கள். தாத்தாவுக்குச் சளியே வரவில்லை, எச்சில்தான் வருகிறது. அதையே கொடுத்துவிடலாமா?

இந்தக் கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் முதியவர்களின் பரிசோதனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. இருமுவதற்கு வயிற்றுத் தசைக்கும் விலாத் தசைக்கும் வலு வேண்டும். மெலிந்த முதியவரிடம் அந்த வலு இல்லை. டப்பாவைக் கையில் கொடுத்து 'துப்புங்கள்' என்று சொன்னால் அவர் வாயில் இருப்பதைத்தான் துப்புவார். நுரை மிதக்கும் தெளிந்த நீராக அது இருந்தால் எச்சில். நூல் நூலாக இழுபட்டு, மஞ்சளாகவோ வெண்மையாகவோ திரண்டிருந்தால் நெஞ்சுச் சளி. நமக்கு வேண்டியது இரண்டாவது.

விடியற்காலையில், பல் துலக்கும் முன், எதுவும் சாப்பிடும் முன் எடுங்கள். இரவு முழுவதும் நுரையீரலில் தேங்கிய சளி அப்போதுதான் இருக்கும். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். முற்றத்திலோ மாடியிலோ திறந்த வெளியில் நாற்காலியில் உட்காரவைத்து, சற்றே முன்னால் சாயச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, ஒரு கணம் நிறுத்தி விட்ட பிறகு, அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்லுங்கள். நீங்கள் அவருக்கு எதிரில் நிற்காமல் பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மி.லி. அளவு கிடைத்தால் போதும். அவசரப்படுத்தினால் வராது, கால் மணி நேரம் ஆனாலும் பொறுத்திருங்கள். டப்பாவை இறுக மூடி, பெயரை மூடியின்மேல் எழுதாமல் டப்பாவின் பக்கவாட்டில் எழுதி, அன்றைக்கே கொண்டுவந்து கொடுங்கள். மூடிகள் மாறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு முயன்றும் வராவிட்டால், உப்புக் கரைசலை ஆவியாக்கி நெபுலைசர் மூலம் உள்ளிழுக்கச் செய்து மருத்துவமனையிலேயே சளியை வரவழைக்க முடியும். அதுவும் இயலாதபோது நுரையீரலுக்குள் மெல்லிய குழாய் செலுத்தி நீரால் அலசி எடுக்கும் முறை உண்டு. அதை முதியவரின் இதயமும் மூச்சும் தாங்குமா என்று பார்த்தே செய்வார்கள். வீட்டில் எச்சில் போன்றதுதான் கிடைத்தது என்றால் அதையும் ஒப்படைத்து, 'சரியாக வரவில்லை' என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவல் தெரிந்தால்தான் வரும் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று மருத்துவரால் எடைபோட முடியும்.

பாட்டி படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்கு எப்படித் தூக்கிக்கொண்டு வருவது?

முதற்கட்டத்தில் பாட்டி வர வேண்டியதில்லை, சளி வந்தால் போதும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டப்பா வாங்கி, மேலே சொன்னபடி எடுத்துக் கொண்டுவந்து கொடுக்கலாம். படுத்த நிலையில் சளி வராது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவையுங்கள். கையில் தூக்கிச் செல்லும் சிறிய எக்ஸ்ரே கருவிகள் இப்போது முகாம்களில் பயன்படுகின்றன. உங்கள் பகுதிக்கு எப்போது வரும் என்று காசநோய்ப் பிரிவுக் களப்பணியாளரிடம் கேட்டு வையுங்கள்.

'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் டிபி இல்லைதானே?

எந்தப் பரிசோதனையில் இல்லை என்று முதலில் பாருங்கள். நுண்ணோக்கிப் பரிசோதனையில் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, நூறு புலங்கள் (லென்சில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டப் பரப்புகள்) வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நீலப் பின்னணியில் காசநோய்க் கிருமி மெல்லிய சிவப்புக் குச்சியாகத் தெரியும். எண்பது புலம் வரை நீலம் மட்டுமே இருந்து, எண்பத்தைந்தாவதில் இரண்டே இரண்டு குச்சிகள் ஒட்டிக்கொண்டு கிடந்த சில்லுகள் என் கையில் வந்திருக்கின்றன. ஒரு மி.லி. சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படும் என்பதால், முதியவரின் சளியில் கிருமி குறைவாக இருந்தால் 'இல்லை' என்றே முடிவு வந்துவிடும்.

கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுப் பரிசோதனைக் கருவிகளான சிபி-நாட், ட்ரூநாட் இதைவிடப் பல மடங்கு நுட்பமானவை. ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவானது. மி.லி.க்கு நூற்றுச் சில்லறைக் கிருமிகள் இருந்தாலும் இவை கண்டுபிடிக்கும். இரண்டு மணி நேர அளவில் முடிவும், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்ற தகவலும் கிடைக்கும். முதியவருக்கு நுண்ணோக்கிப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால், 'மூலக்கூறுப் பரிசோதனையும் செய்வீர்களா' என்று தயங்காமல் கேளுங்கள். அதிலும் இல்லை என்று வந்து ஐயம் தீராவிட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை இருக்கிறது. இந்தக் கிருமி ஒருமுறை பிளவுபடவே பதினைந்து முதல் இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்த முடிவு வர வாரக்கணக்காகும். மோசமான மாதிரியில் 'இல்லை' என்று வந்த முடிவுக்கு எந்தக் கருவியிலும் மதிப்பில்லை என்பதை முந்தைய கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடுமே?

எக்ஸ்ரே கட்டாயம் எடுக்க வேண்டும். முதியவர்களுக்கு அறிகுறி தெளிவில்லாமல் இருப்பதால் அதன் தேவை இன்னும் அதிகம். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் கண்டறியப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தவறியிருப்பார்கள் என்று தெரியவந்தது. 55 வயதைத் தாண்டியவர்களிடம் நோய் கூடுதலாக இருப்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டியது.

ஆனால் எக்ஸ்ரே நிழலைக் காட்டும், நிழல் யாருடையது என்று சொல்லாது. இளையவர்களிடம் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் குழிவிழுந்து தெரியும். முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் நடுவிலோ கீழ்ப்பகுதியிலோ வந்து, நிமோனியாவைப் போலவும் புற்றுநோயைப் போலவும் தோற்றமளிக்கும். புற்றுநோயும் காசநோயும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு. ஆகவே எக்ஸ்ரேயை வைத்துச் சந்தேகப்பட வேண்டும், சளியை வைத்து உறுதிப்படுத்த வேண்டும்.

ரத்தத்தில் பார்த்துவிடலாமே? கையில் ஊசி போட்டுப் பார்க்கும் டெஸ்ட்டும் இருக்கிறதாமே?

கையில் போடும் மாண்டூ ஊசியும், இக்ரா எனப்படும் ரத்தப் பரிசோதனையும் கிருமி எப்போதாவது உடலுக்குள் நுழைந்ததா என்பதைத்தான் சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. நம் ஊரில் வயதானவர்களில் ஏராளமானோருக்குக் கிருமி எப்போதோ நுழைந்திருக்கும். அதே சமயம் எதிர்ப்பாற்றல் தளர்ந்த முதியவருக்கு உண்மையிலேயே நோய் இருந்தும் ஊசி போட்ட இடம் தடிக்காமல் போகலாம். இரண்டு பக்கமும் ஏமாற்றும் சோதனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய வகை ரத்தப் பரிசோதனைகளைக் காசநோய்க்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2012-இல் தடை செய்துவிட்டது. ஈ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) கூடியிருப்பது பல நோய்களில் நிகழ்வது; அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது, ஒரு மாதத்தில் மறுபடி வந்துவிட்டது. இதில் டிபி எங்கே வருகிறது?

இந்த இடத்தில் என் வீட்டு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் மாமனாருக்கு 74 வயதில் இதே போல நடந்தது. வெளியில் ஒரு மருத்துவமனையில் லீவோஃப்ளாக்சசின் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் பசி திரும்பியது, எல்லோரும் நிம்மதியடைந்தோம். மூன்று வாரத்தில் மீண்டும் படுத்தார், வேறு இடத்தில் அதே வகை மருந்து. மூன்றாவது முறைதான் சளி எடுக்கப்பட்டது. நாள் முழுவதும் மற்றவர்களின் சளியைப் பார்த்துக்கொண்டிருந்த நானே வீட்டுக்குள் அதைக் கேட்கத் தவறினேன். நான்கு மாதம் வீணானது.

லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும், ஆனால் தனியாக ஒழிக்காது. அதனால் நோய் குறைந்தது போலத் தோன்றும், சளியில் கிருமி தென்படுவது தள்ளிப்போகும், அந்த மருந்துக்குக் கிருமி பழகிவிடும் ஆபத்தும் உண்டு. முதியவரின் நிமோனியா முழுமையாகத் தீராமல் இழுத்தாலோ திரும்ப வந்தாலோ, அடுத்த ஆன்டிபயாடிக்குக்கு முன் சளியைக் கொடுத்துவிடுங்கள். முன்பு சாப்பிட்ட மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் தூக்கி எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முப்பது வருடத்துக்கு முன்பே டிபி வந்து மருந்து சாப்பிட்டு முடித்தவர். இப்போது எக்ஸ்ரேயில் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். மறுபடியுமா?

ஆறிய காசநோய் நுரையீரலில் தழும்பை விட்டுச் செல்லும். அது ஆயுள் முழுவதும் எக்ஸ்ரேயில் தெரியும். பழைய படம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைப் போன்ற சான்று வேறில்லை. நிழல் பெரிதாகியிருந்தாலும் புதியது தோன்றியிருந்தாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பழைய குழிக்குள் பூஞ்சை வளர்ந்து ரத்தம் வருவதும் உண்டு. அதைக் காசநோய் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

முன்பு சிகிச்சை பெற்றவர்களிடம், அதிலும் அண்மையில் பெற்றவர்களிடம், மூலக்கூறுப் பரிசோதனை செத்த கிருமியின் மரபணுவையும் பிடித்துக்காட்டக் கூடும். எனவே இவர்களுக்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குத் தனி மதிப்பு உண்டு: உயிருள்ள கிருமிதான் வளரும். அறிகுறி, படம், மரபணு, வளர்ப்பு நான்கையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். நோய் உண்மையிலேயே திரும்பியிருந்தால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆகவே பழைய சிகிச்சையைப் பற்றி மறைக்காதீர்கள்.

அப்பா டெஸ்ட்டுக்கே வர மறுக்கிறார். 'எலும்புருக்கி என்று ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும்' என்கிறார்.

அவருடைய அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. 1928-இல் தாம்பரத்தில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையின் பெயரைத்தான் சானடோரியம் ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கே போனவர் திரும்புவாரா என்ற கேள்வியோடு வளர்ந்த தலைமுறை அவருடையது. அதை மாற்றிய சான்றும் நம் சென்னையிலிருந்தே வந்தது. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் வைத்துக் கவனிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்பதையும், வீட்டில் வைத்துக்கொண்டதால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுவதில்லை என்பதையும் சில ஆண்டுகளில் நிரூபித்தது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். 'நெஞ்சுச் சளிக்கு ஒரு டெஸ்ட்' என்று பொய் சொல்லி அழைத்து வருவதை நான் ஆதரிப்பதில்லை. ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டியவர் அவர்தான்.

நுரையீரலில் ஒன்றுமில்லை, வேறு இடத்தில் இருக்கலாம் என்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே இருக்கிறதோ அங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும். கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுப்பார்கள். நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தால் நீரை எடுத்துப் பார்ப்பார்கள். முதியவருக்கு அந்த நீர் இதயக் கோளாறாலும் புற்றுநோயாலும் வரலாம் என்பதால் அவற்றையும் சேர்த்தே தேடுவார்கள். இரவில் உறங்கவிடாத முதுகுவலியைத் தேய்மானம் என்று ஒதுக்காமல், எடையும் குறைந்திருந்தால் முதுகெலும்புக்கு ஸ்கேன் கேளுங்கள். சில வாரங்களில் ஏற்பட்ட குழப்பமும் தலைவலியும் மூளை உறையில் பரவிய காசநோயாக இருக்கலாம். அது நாள் கடத்தக் கூடாத அவசரம். ரத்தத்தின் வழியே உடலெங்கும் தினை அளவுப் புள்ளிகளாகப் பரவும் வகை முதியவர்களிடம் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் ஒளிந்திருந்து, காரணம் புரியாத காய்ச்சலாகவும் ரத்தசோகையாகவும் மட்டும் வெளிப்படுவதுண்டு.

எந்த டெஸ்ட்டிலும் உறுதியாகவில்லை. ஆனாலும் டாக்டர் டிபி மருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். சரியா? இந்த உடம்பு தாங்குமா?

கிருமி கிடைக்காமலேயே அறிகுறியையும் படத்தையும் வைத்து மருத்துவர் சிகிச்சை தொடங்குவது ஏற்கப்பட்ட நடைமுறைதான். மாதிரி எடுக்கவே முடியாத முதியவருக்குக் காத்திருப்பதே பெரிய ஆபத்தாகிவிடும். ஆனால் இரண்டைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்: புற்றுநோய் போன்ற மாற்றுக் காரணங்கள் தேடப்பட்டனவா, மருந்து தொடங்கும் முன் நல்ல மாதிரி ஒன்று வளர்ப்புக்கு அனுப்பப்பட்டதா. மருந்து தொடங்கிய பின் கிருமி கிடைப்பது அரிது.

மருந்தைப் பெரும்பாலான முதியவர்கள் தாங்குகிறார்கள், கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ளுங்கள். எத்தாம்புட்டால் என்ற காசநோய் மருந்து பார்வையைப் பாதிக்கக் கூடும். கண்புரை உள்ளவருக்கு மங்கல் எதனால் என்று பின்னால் பிரித்தறிய முடியாது என்பதால் முதலிலேயே கண்ணைச் சோதித்துக் குறித்து வையுங்கள். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வேகத்தையும் குறைத்துவிடும். அன்றாடம் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

டிபி என்று உறுதியாகிவிட்டது. அன்றைக்கே பார்க்க வேண்டியது என்ன?

சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகள் வயது பாராமல் எல்லோருக்கும் செய்யப்படும். 'இந்த வயதில் இதெல்லாமா' என்று சங்கடப்பட வேண்டாம். அதைவிட உடனடியானது, அவரை வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்கையில் சேர்க்க வேண்டுமா என்ற முடிவு. காசநோய் இறப்புகளில் பல சிகிச்சையின் முதல் வாரங்களிலேயே நிகழ்வதால், 2022-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நோய் கண்டறிந்தவுடனேயே சில எளிய அளவுகளை எடுக்கச் சொல்கிறது: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா. மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ, தானாக நிற்க முடியாவிட்டாலோ, மிகவும் மெலிந்திருந்தாலோ மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்க வேண்டியவராக அவர் கருதப்படுவார். இந்த அளவுகளை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

நோயாளி நிக்‌ஷய் என்ற அரசின் காசநோயாளர் பதிவில் சேர்க்கப்பட்டால் சிகிச்சைக்காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். முதியவருக்குக் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று அந்த வாரமே பார்த்துவிடுங்கள். வீட்டில் அவரோடு இருந்த அனைவருக்கும், தாத்தாவின் பக்கத்தில் படுத்துறங்கும் பேரக்குழந்தைகளுக்கு முதலாவதாக, பரிசோதனை செய்ய வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கப்படும். அதையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.